மலையக வீட்டுத் தோட்டத்தில் பழங்காசு கிடைத்தால்: உரோமக் காசுப் புதையல்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்புறம் தண்ணீர்ப் பீலிக்கு மேலிருந்த துண்டு நிலத்தில் போஞ்சி போடுவதற்காக அப்பா மண்ணைக் கொத்தினார். மம்பட்டி நுனியில் பச்சை படிந்த சிறு வட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பாயி அதை வாங்கி, குத்துவிளக்கைத் துலக்குவதைப் போலவே புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் அரை மணி நேரம் தேய்த்தார். காசு பளபளவென்று சிவந்து வந்தது. அதன் மேல் இருந்த உருவமும் எழுத்தும் புளித்தண்ணீரோடு போயின. அது உரோமக் காசா, பொலன்னறுவைக் காலத்துக் காசா, வெறும் டச்சுக்காரர் காசா என்பதை இன்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எவற்றோடு கிடந்தது என்பதையும் நாங்கள் குறித்து வைக்கவில்லை. அந்த இரண்டு தவறுகளையும் வேறொரு வீட்டார் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

உரோமக் காசு இலங்கைக்கு வந்த வழி

கையில் கிடைத்ததை உரோமக் காசென்று நம்புவதற்கு முன்னர், எத்தகைய உரோமக் காசுகள் இந்நாட்டு மண்ணில் கிடைக்கின்றன என்பதை அறிந்திருப்பது நல்லது. பேரரசர் கிளாடியசின் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் பணிபுரிந்த ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இத்தீவில் கரையொதுங்கியதாக உரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். அவரிடமிருந்த தெனாரியஸ் வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, உரோமர் நேர்மையானவர்கள் என்று வியந்த இந்நாட்டு அரசன், நால்வரைத் தூதாக அனுப்பினான் என்கிறது அந்தக் குறிப்பு. கதையில் வருவது வெள்ளி; மண்ணில் வருவதோ பெரும்பாலும் செம்பும் வெண்கலமும். தென்னிந்தியாவில் முதல் நூற்றாண்டுப் பொன்னும் வெள்ளியும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்க, இலங்கையில் அவை மிக அரிது. இங்கே கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பான்மை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, சட்டைப் பொத்தான் அளவேயான வெண்கலச் சில்லறைக் காசுகளாகும்.

மலையகத் தமிழரில் பலருடைய பூர்வீகம் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கம் என்பதால், ஓர் ஒப்பீட்டை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. அவை இனி நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே செல்லும் என்று காட்டுவதற்கான வெட்டாக அது இருக்கக்கூடும். இத்தகைய பொற்குவியல் தன் கொல்லையிலும் இருக்கும் என்று கனவு காண்பவர்கள், இலங்கையின் காசுகள் வேறொரு காலத்தவை, வேறொரு பயன்பாட்டுக்குரியவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மாந்தைத் துறைமுகம், அநுராதபுரம், மாத்தறைப் பக்கத்துக் கடற்கரை ஆகியவற்றோடு, சிகிரியாவிலும் இச்சிறு காசுகள் கிடைத்துள்ளன. சிகிரியா மாத்தளை மாவட்டத்தில், மத்திய மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் நுவரெலியாவின் உயர்ந்த சரிவுகளைவிட, மாத்தளையின் வடபகுதியிலும் பழைய வழிகள் இறங்கிச் செல்லும் அடிவாரங்களிலுமே இவற்றை எதிர்பார்ப்பது நியாயம். மேல்மலையில் கிடைக்கும் பழங்காசு வேறொன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதையும் இதே கவனத்தோடுதான் கையாள வேண்டும்.

முதற்படி: மம்பட்டியை நிறுத்துதல்

ஒரு காசு தென்பட்டவுடன் அருகில் இன்னொன்று இருக்குமா என்று கிளறத் தோன்றும். அந்த ஆவலை அடக்குவதே இவ்வழிகாட்டியில் மிகக் கடினமான படி. கொத்துவதை நிறுத்துங்கள், ஏற்கெனவே புரட்டிய மண்ணை அப்புறப்படுத்தாமல், குழிக்கு அருகிலேயே ஒரு பழைய கொழுந்துச் சாக்கின் மேல் தனியாகக் குவித்து வையுங்கள். அந்த மண்ணிலும் காசு இருக்கலாம். பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாயும் கோழியும் கிளறாதபடி பலகையாலோ தகரத்தாலோ குழியை மூடி, மழை வருவதாயின் மேலே பொலித்தீன் விரித்துக் கல் வையுங்கள்.

முடிந்தால் அந்த நேரத்திலேயே அயல்வீட்டார் இருவரை அழைத்துக் காட்டுங்கள். புதையல் தோண்டியதாகப் பின்னர் எவரும் குற்றஞ்சாட்டினால், போஞ்சிப் பாத்தி கொத்தும்போது தற்செயலாகக் கிடைத்தது என்பதற்கு அவர்கள் சாட்சியாவார்கள். இரவில் பூசாரியை வைத்துப் பூசை போட்டுப் புதையல் தோண்டுபவர்கள் கைதான செய்திகளை நாம் அடிக்கடி கேட்கும் நாட்டில், இந்தச் சாட்சி சிறிய விடயமன்று.

இரண்டாம் படி: கிடந்த இடத்தைக் குறித்தல்

கைத்தொலைபேசியால் முதலில் தூரத்திலிருந்து, லயமும் பீலியும் தெரியும்படி ஒரு படம். பின்னர் பாத்தி முழுவதும் தெரியும்படி ஒன்று. கடைசியாகக் காசு கிடந்த இடத்தை மேலிருந்து நேராக ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும். தொலைபேசியின் வரைபடத்தில் இடத்தைப் பதிந்து கொள்ளலாம். ஆனால் அது சில மீற்றர் தவறக்கூடும் என்பதால், அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து, உதாரணமாகக் காம்பராவின் (லய அறையின்) பின்மூலையிலிருந்தும் பீலியின் சீமெந்துத் தொட்டியிலிருந்தும், நாடாவால் அளந்து எழுதுவதே உறுதியானது. நில மட்டத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் ஆழம், மண் கறுப்பா செம்மண்ணா, கூடவே ஓட்டுத்துண்டு, கரி, எலும்பு, மணி ஏதும் இருந்ததா என்பவற்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் தேதியோடு எழுதுங்கள்.

மலைச்சரிவில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாகக் காடு வெட்டி, கோப்பி நட்டு, பின் தேயிலை நட்டு, கான் (வடிகால்) வெட்டிய நிலம் இது. மேற்சரிவு மண் மழையோடு இறங்கி நம் பாத்தியில் தங்கியிருக்கலாம். ஆகவே காசு கிடைத்த இடம் அது புதைக்கப்பட்ட இடமாக இருக்க வேண்டுமென்பதில்லை. சரிவின் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ், மேலே கானோ பாதையோ வெட்டுமண் கரையோ உள்ளதா என்று கொப்பியில் ஒரு கோட்டுப்படம் போட்டுவிட்டால், வருகிற ஆய்வாளர் மேல்நோக்கித் தேடுவதற்கு அது வழிகாட்டும்.

பானையோடு கிடைத்தால்

ஒற்றைக் காசை எடுத்துவிட்டாலும் அதிகம் கெட்டுவிடாது. பானையோ, ஒன்றோடொன்று ஒட்டிய காசுக் கட்டியோ தென்பட்டால் நிலை வேறு. அதை எடுக்கவே வேண்டாம். பானைக்குள் கை விடவும் வேண்டாம்.

இதற்கான காரணத்தை ஓர் உண்மைச் சம்பவத்தால் விளக்குகிறேன். 2010இல் இங்கிலாந்தின் சமர்செட் பகுதியில் ஃபுரூம் என்ற ஊரருகே ஒருவர் வயலில் உரோமக் காசுப் பானை ஒன்றின் வாயைக் கண்டார். கண்டவர் தோண்டுவதை அங்கேயே நிறுத்தித் தொல்லியலாளரை அழைத்தார். அவர்கள் பானையை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் தனிப்பையிலிட்டு வெளியே எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். ஏறத்தாழ 160 கிலோ எடை. ஆண்டுதோறும் சேமித்துப் போட்ட உண்டியலாக அது இருந்திருந்தால், காலத்தால் பிந்திய காசுகள் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசிக் காலத்தவரான கராவுசியஸ் என்ற ஆட்சியாளரின் காசுகளில் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே கிடந்தது. ஆகவே முழுப்பானையும் ஒரே தடவையில் நிரப்பப்பட்டது என்ற முடிவுக்கு வர முடிந்தது. பானையைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணியிருந்தால் காசுகளின் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: துலக்காமல் வைத்தல்

புளி, எலுமிச்சை, வினாகிரி, சாம்பல், பற்பசை, பிராசோ ஆகிய எதுவும் வேண்டாம். செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலம் வெறும் அழுக்கன்று. மேற்பரப்பின் உலோகமே வேதிமாற்றம் அடைந்து அந்தப் படலமாகியிருக்கிறது. உருவமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தப் படலத்திலேயே தங்கியிருக்கின்றன. அமிலம் அதைக் கரைக்கும்போது முகமும் சேர்ந்து கரைகிறது.

மலையக மண் இந்த விடயத்தில் இரக்கமற்றது. தேயிலைக்கு உகந்த மண் அமிலத்தன்மை உடையது. அதில் நெடுங்காலம் கிடந்த செம்பு ஏற்கெனவே அரித்துப் போயிருக்கும். அதோடு தேயிலைக்கும் மரக்கறிக்கும் நாம் இடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. குளோரைடு ஏறிய வெண்கலம் ஈரக்காற்றில் பட்டதும் வெளிர்பச்சை நிறத்தில் மாவு போலப் பொரிந்து, கைவைத்தால் உதிரும் நிலைக்கு வரும். நிபுணர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள். கரும்பச்சையில் கெட்டியாக இருக்கும் படலம் பாதுகாப்பு. வெளிர்பச்சையில் மாவாக உதிர்வது ஆபத்து. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தே அறியலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒட்டிய மண்ணோடேயே காசை நிழலில், ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் மெதுவாக உலர விடுங்கள். அடுப்பங்கரையிலும் வெயிலிலும் வைக்க வேண்டாம். உலர்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு, உறையின் மேல் எண்ணும் தேதியும் எழுதுங்கள். அதே எண் கொப்பியிலும் இருக்கட்டும். உறைகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவொன்றில் வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நாலைந்தைக் கூடவே போடுங்கள். பனிமூட்டம் அறைக்குள்ளேயே புகுந்து திரியும் நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் இந்தப் பொட்டலம் இல்லாமல் மூடுவது, ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைப்பதாகிவிடும். காசை எடுப்பதாயின் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

நான்காம் படி: என்ன காசு என்று அனுமானித்தல்

இதைத் துறைசார்ந்தவர்களே உறுதிப்படுத்த முடியும். ஆயினும் அறிவிக்கும்போது ஓரளவு விவரிக்கத் தெரிந்திருப்பது பயன் தரும். காசை மேசையில் வைத்து, அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக அடித்தால், தேய்ந்துபோன கோடுகளும் நிழலாக எழும்பும். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத காசில் இப்படி ஒரு மூக்கும் நெற்றிப்பட்டையும் புலப்படுவதைப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கும்.

பிற்கால உரோமச் சில்லறை பெரும்பாலும் 10 முதல் 18 மில்லிமீற்றர் விட்டமுடையது. எடை ஒரு கிராமிலிருந்து இரண்டு, இரண்டரை கிராம் வரை. முன்பக்கத்தில் முத்துக் கோத்த நெற்றிப்பட்டையோடு பக்கவாட்டு முகம் ஒன்றும், அதைச் சுற்றி, தேயாமல் இருந்தால், 'நம் தலைவர்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளான 'டி', 'என்' என்பவற்றோடு தொடங்கும் பெயரும் இருக்கும். பின்பக்கத்தில் குதிரையோடு வீழ்ந்தவனை ஈட்டியால் குத்தும் படைவீரன், கொடிக்கம்பத்தின் இருபுறம் நிற்கும் வீரர்கள், கைதியை இழுத்துச் செல்லும் சிறகுடைய வெற்றித்தேவதை, இலைமாலைக்குள் சிலுவை ஆகியவற்றுள் ஒன்று தென்படலாம். அடியில் உள்ள சிறு கோட்டுக்குக் கீழே அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கொன்ஸ்தாந்திநோபிள் போன்ற, காசு அடிக்கும் அக்கசாலை இருந்த நகரங்களின் சுருக்கெழுத்து இருக்கும். இதே உருவங்கள் கோணல்மாணலாகவும், எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் இருந்தால், அது இலங்கையிலேயே உரோமக் காசைப் பார்த்து அடித்த உள்ளூர்க் காசாக இருக்கலாம். மாத்தறை அருகே நைமன என்ற இடத்தின் பெயரால் இவ்வகையை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். போலியென்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம்; இந்நாட்டுச் சந்தையில் சில்லறைக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்திருக்கும் என்பதை இவையே சொல்கின்றன.

தவறாக உரோமக் காசென்று கருதப்படுபவை பல. விக்டோரியா அரசியின் தலை ஒருபுறமும் தாளிப்பனை மரம் மறுபுறமும் கொண்ட பழைய இலங்கைச் சதக் காசுதான் இவற்றுள் முதலிடம் பெறும். பக்கவாட்டு முகமும் கூந்தற்பட்டையும் பார்ப்பவரை ஏமாற்றிவிடுகின்றன. அதில் தமிழ் எழுத்து இருப்பதைத் தேடிப் பாருங்கள். 'வீ', 'ஓ', 'சீ' என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அது டச்சுக் கம்பனியின் துட்டு. குச்சி போன்ற கைகால்களோடு நிற்கும் மனித உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவத்துக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தும் இருந்தால் பொலன்னறுவை, தம்பதெனியக் காலச் செப்புக் காசு. பராக்கிரமபாகு, லீலாவதி போன்றோரின் பெயர்கள் அவற்றில் வரும். அந்த வடிவத்தை ஒத்த இராஜராஜ சோழன் காலக் காசுகளும் உண்டு. நடுவில் சதுரத் துளை இருந்தால் சீனக் காசு.

ஐந்தாம் படி: அறிவித்தல்

இலங்கையில் தொல்பொருள்களுக்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களுமாகும். 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்ட பொருள்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரரிடம் கைமாறிய உடன்படிக்கையின் நாள் அது. மலைநாட்டின் அந்த நாளே முழு நாட்டுக்கும் 'பழமை'யின் எல்லைக்கோடாக இருப்பது கவனிக்கத்தக்கது. மண்ணுக்குள் அறியப்படாமல் கிடந்த தொல்பொருள் அரசுக்குரியது. காணி உங்களுடையது என்பதால் மட்டும் காசு உங்களுடையதாகிவிடாது. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளுக்காக அகழ்வதும், அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றமாகும்.

ஆகவே தாமதிக்காமல் அறிவியுங்கள். கிராம அலுவலரிடம் சொல்லலாம்; பிரதேச செயலகத்தில் சொல்லலாம்; பொலிஸ் நிலையத்தில் பதியலாம்; தொல்பொருள் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு நேரடியாகவும் எழுதலாம். என் கருத்தில், கிராம அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே திணைக்களத்துக்கு எழுத்திலும் அனுப்புவதே நல்லது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை.

லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி எழும்: நிலம் தோட்டத்துக்குரியதாயிற்றே? வீட்டைச் சுற்றி மரக்கறி போடும் துண்டு நிலம் பெரும்பாலும் உறுதிப்பத்திரம் இல்லாதது. 7 பேர்ச் காணியோடு புதிய வீடு கிடைத்தவர்களின் நிலை சற்று வேறு. எப்படியிருப்பினும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவது பின்னர் வரக்கூடிய மனக்கசப்பைத் தவிர்க்கும். ஆனால் காசை நிர்வாகத்தின் கையில் கொடுத்து அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது. கண்டெடுத்தவர் நீங்கள், அறிவிப்பும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு இல்லாமல் ஒப்படைக்காதீர்கள். எத்தனை காசுகள், ஒவ்வொன்றின் விட்டம், எடை, நிறம், உறை எண், வாங்கியவரின் பெயர், பதவி, கையொப்பம், தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் எடை பார்க்கத் தோன்றினால் வேண்டாம். அங்கு போன மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து அந்தப் படங்களைப் பற்றுச்சீட்டோடு இணைத்தால், எடை இல்லாவிட்டாலும் மாற்றிவைக்க இயலாது. வெகுமதி பற்றிக் கேட்பதானாலும் எழுத்திலேயே கேளுங்கள்.

வீட்டுக்குத் தேடி வருபவர்கள்

செய்தி கசிந்தால், வலம்புரிச் சங்கும் கஜமுத்தும் விலைபேசித் திரியும் அதே ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு காசைக் காட்டச் சொல்லி வாங்கி, கைமாற்றி வேறொன்றைத் திருப்பித் தருவது அவர்களுக்குப் புதிதன்று. காசு வைத்த டப்பாவைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. முகநூலில் படம் போட்டு விசாரிப்பதானால், ஒப்படைத்த பின்னர், இடத்தின் பெயரும் பின்னணியில் லயமும் தெரியாதபடி போடுங்கள். தேய்ந்துபோன பிற்கால உரோமச் சில்லறைக்குப் பெருந்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பொய். அது உலகச் சந்தையில் மிக மலிவான காசுகளில் ஒன்று. சரிவில் எந்த ஆழத்தில் கிடந்தது என்ற உங்கள் கொப்பிக் குறிப்பு அதைவிட அரியது.

அலுவலர் வந்து போன பின்

அவர்கள் இடத்தைப் பார்த்து, தேவையென்றால் அகழ்ந்து, பாத்தியைத் திரும்பப் பயிரிடலாம் என்று சொன்ன பிறகு, குழியை மூடுவதற்கு முன் அடியில் ஒரு நிறப் பொலித்தீன் துண்டையோ தேதி எழுதிய ஓட்டுத்துண்டையோ போட்டுவிடுங்கள். எதிர்காலத்தில் எவரேனும் கொத்தினால், இதுவரை தோண்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். அடுத்த பெருமழை ஓய்ந்த காலையில் பாத்திக்குக் கீழேயுள்ள கானில் நின்று, வண்டல் தேங்கும் வளைவுகளை மட்டும் கையைப் போடாமல் பார்த்து வாருங்கள். பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தால் அதே கொப்பியில் அடுத்த எண்ணைப் போட்டு, அதே பீலித் தொட்டியிலிருந்து நாடாவைப் பிடியுங்கள்.